காப்பிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் 22 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். டோக்கன் போட்டுவிட்டுப் பார்ட்டிகள் காத்துக் கிடக்கும் நேரம்தான் எங்களுக்குக் காப்பி நேரம். விற்கிறவர் வந்து, "அண்ணாச்சி, வாங்க, ஒரு காப்பி குடிப்போம்" என்பார். போக வேண்டும். போகாவிட்டால் வாங்குகிறவர் பக்கம் சாய்ந்துவிட்டான் என்று நினைப்பார். அரை மணி நேரம் கழித்து வாங்குகிறவர் கூப்பிடுவார். அதற்கும் போக வேண்டும், காரணம் அதேதான். நடுவில் புரோக்கர். சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் நம்ம ஊர்க்காரராக இருந்துவிட்டால் அவரோடும் ஒன்று. முகூர்த்த நாளில் ஏழு கிளாஸ் சர்வசாதாரணம்.

திருநெல்வேலிச் சீமையில் காப்பி என்பதே வெறும் பானம் இல்லை. காலைப் பலகாரத்துக்கே இங்கே காப்பி என்றுதான் பெயர். "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டால் இட்லி தின்றாயா என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் போன வருடம் மருத்துவப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எடை 91 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 6.3. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 6.5 ஆனால் நோய். வேலிக்கு இரண்டு அடி இந்தப்பக்கம் நிற்கிறேன் என்று புரிந்தது.

கீட்டோ என்று, அதாவது மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்துச் சாப்பிடும் முறையை, ஆரம்பித்தது என் யோசனைதான், டாக்டர் யோசனை இல்லை. அவர் கிரியாட்டினின், கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டு, "சரி, மூணு மாசம் செய்யுங்க, இடையில ரத்தம் பார்க்கணும்" என்று ஒத்துக்கொண்டார். நான் எந்த மாத்திரையும் எடுக்காததால்தான் அவ்வளவு எளிதாகச் சம்மதித்தார். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் இளைத்ததைப் பார்த்து இதில் இறங்கக்கூடாது. அரிசியை நிறுத்திவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் கூடி ஆபத்தாகவும் முடியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் காப்பிக்குப் போவோம்.

கீட்டோவில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். எனக்கு 40 என்று வைத்துக்கொண்டேன். சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் போனது. முட்டை, மீன், கறி, பனீர், கீரை, தேங்காய் என்று வண்டி ஓடியது. விஷயம் தெரிந்தவர்கள், "பேலியோவா அண்ணாச்சி? நூறு பாதாம் தின்னியளா?" என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்தும் தராசு முள் பெரிதாக அசையவில்லை. தட்டில் தப்பில்லை என்றால் கிளாஸில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்து, வரைவுத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

எங்கள் கடை கிளாஸ் 120 மில்லி பிடிக்கும். அதில் 80, 90 மில்லி பால். பசும்பாலோ எருமைப்பாலோ, 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் பால் சர்க்கரை இருக்கிறது. ஆக, பால் வகையில் 4 கிராம். மாஸ்டர் போடும் சீனி இரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் 4, 5 கிராம். கூட்டினால் கிளாஸுக்கு 13 கிராம் வருகிறது. ஏழு கிளாஸ் என்றால் 90 கிராம். தட்டில் ஒரு பருக்கை சோறு இல்லாமலே நாள் கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியிருந்தேன். சீனியை முழுக்க நிறுத்தினாலும் ஏழு கிளாஸ் பாலிலேயே 28 கிராம் போகிறது. மீன்குழம்புக்கும் வெண்டைக்காய்க்கும் மிச்சம் 12.

இந்தப் பால் கணக்குதான் பல பேருக்குத் தெரிவதில்லை. சீனி போடவில்லை, அப்புறம் என்ன என்று நினைத்துவிடுகிறோம். ஆவினில் நீல பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. கொழுப்புதான் மாறுகிறது, பால் சர்க்கரை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கெட்டியான பால் என்றால் குறைவாக ஊற்றினாலே நிறம் வந்துவிடும், அவ்வளவுதான் லாபம்.

நிலம் வாங்குகிறவரிடம் நாங்கள் சொல்வது ஒன்று உண்டு: பேரைப் பார்த்து வாங்காதீர்கள், வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அதாவது சொத்தின் மேல் பழைய அடமானமோ பாத்தியதையோ ஒளிந்திருக்கிறதா என்று பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அதையே காப்பிக்கும் செய்ய ஆரம்பித்தேன்.

முதலில் டீக்கடை. சீனி இல்லாத காப்பிக்கு நம் கடைகளில் பெயர் 'வித்தவுட்'. "ரெண்டு காப்பி, ஒண்ணு வித்தவுட்" என்றால் எந்த மாஸ்டருக்கும் விளங்கும். காதுக்கு விளங்கும், கைக்கு விளங்காது. எங்கள் மாஸ்டர் பத்து கிளாஸை வரிசையாக வைத்து, சுடுதண்ணீரில் அலசி, சீனி டப்பாவில் ஸ்பூனை விட்டு டக் டக் என்று இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டே போவார். அந்தச் சத்தத்தில் ஒரு தாளம் இருக்கும். நான் வித்தவுட் என்று கத்துவதற்குள் என் கிளாஸிலும் டக் டக் விழுந்திருக்கும். சொன்னதும் என்ன செய்வார் தெரியுமா? அந்தச் சீனியைப் பக்கத்துக் கிளாஸில் கவிழ்த்துவிட்டு, அடியில் ஒட்டியதை விட்டுவிட்டு, அதிலேயே காப்பி போடுவார். அப்புறம் எல்லாக் கிளாஸையும் கலக்கிய ஸ்பூனால் ஒரு கலக்கு. குடித்தால் தித்திக்கும். "லேசா இனிக்குதே தம்பி" என்றால், "அது பால் தித்திப்பு அண்ணாச்சி" என்பார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை பதினோரு மணிக்கு அந்தக் கடையில் நின்று பார்த்தால் தெரியும். நான்தான் வழியை மாற்றிக்கொண்டேன். கூட்டம் இருந்தால் ஒதுங்கி நிற்பேன். வரிசை முடிந்ததும் அவர் கண்ணில் படுகிற மாதிரி பாய்லர் பக்கம் போய் நின்று, "மாஸ்டர், புதுக் கிளாஸ்ல எனக்கு ஒரு வரக்காப்பி, சீனி வேண்டாம், ஸ்பூன் போட வேண்டாம்" என்பேன். காப்பி வந்த பிறகு, "மேலாப்புல ரெண்டு சொட்டுப் பால்" என்று கேட்டு வாங்குவேன். முதலில் வரக்காப்பி, அப்புறம் பால் என்பதுதான் சூட்சுமம். பால் கொஞ்சமாகப் போட்டு ஒரு காப்பி என்று ஒரே மூச்சில் கேட்டால் கை பழக்கத்துக்குப் போய்விடும், முக்கால் கிளாஸ் பால் விழுந்துவிடும். இப்போது என் கிளாஸில் விழுவது இருபது முப்பது மில்லி, ஒன்றரை கிராம் கணக்கு.

டீக்கடைகளில் பெரும்பாலும் போடுவது இன்ஸ்டன்ட் தூள்தான். தூளில் சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள். சட்டப்படி சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பாக்கெட்டில் விகிதமும் இருக்க வேண்டும். சிக்கரி மாவுச்சத்து ஆயிற்றே என்று நானும் முதலில் பதறினேன். அது ஒரு கிழங்கு வேர், அதில் இருப்பது பெரும்பாலும் இனுலின் என்ற நார்ச்சத்து. ஒரு கிளாஸுக்கு விழும் ஒரு ஸ்பூன் தூளில் அது பெரிய கணக்கு இல்லை. பாலையும் சீனியையும் விட்டுவிட்டுச் சிக்கரிக்குப் பின்னால் ஓடுவது, கிணற்றை எழுதாமல் விட்டுவிட்டு வரப்புக்குச் சண்டை போடுகிற கதை.

வரக்காப்பி என்றும் கடுங்காப்பி என்றும் மாற்றி மாற்றிச் சொல்லி நான் ஒருமுறை நன்றாக மாட்டினேன். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்துக்கு, நடமாட முடியாத ஒரு பெரியவரின் உயில் வரைவை வாசித்துக் காட்டப் போயிருந்தேன். அவர் வீட்டு ஆச்சி, "காப்பி குடிக்கியளா ஐயா?" என்றார். நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, "பாலு வேண்டாம் ஆச்சி, கடுங்காப்பி போதும், சீனியும் வேண்டாம்" என்றேன். ஆச்சி முகம் மலர்ந்துவிட்டது. பித்தளைத் தம்ளரில் ஆவி பறக்கக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். கருப்பட்டி. தாராளமான கருப்பட்டி. "சீனிதான் ஒடம்புக்கு ஆகாது, இது உடன்குடிக் கருப்பட்டி, ஒண்ணும் செய்யாது" என்றார்.

தெற்கத்திக்காரனிடம் கருப்பட்டியைக் குறை சொல்வது குலதெய்வத்தைக் குறை சொல்வதற்குச் சமம். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னவன். ஆனால் கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், சீனியிலும் அதுதான். இரும்புச்சத்து, தாது உப்பு எல்லாம் கொஞ்சம் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற விஷயத்தில் நாக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும், கணையத்துக்குத் தெரியாது. நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாம் இதே கட்சிதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது விற்கிற சுக்குக் காப்பியும் அப்படித்தான். அதில் காப்பித்தூளே கிடையாது, சுக்கும் மல்லியும் மிளகும் அருமையான சமாச்சாரம்தான், ஆனால் டிரம்மில் கருப்பட்டியைக் கரைத்துக் கொதிக்க வைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். தனியாக வித்தவுட் வாங்க வழியில்லை. இப்போது சுக்குமல்லிப் பொடியை வீட்டில் இடித்து, சின்ன டப்பாவில் பையில் வைத்திருக்கிறேன். கடையில் சுடுதண்ணீர் வாங்கிக் கலக்கிக்கொள்வேன்.

அன்றைக்கு ஆச்சியின் தம்ளரை மிச்சம் வைக்காமல் குடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு என்ன செய்ய.

சைவ ஓட்டல்களில் எனக்குப் பிரச்சினையே இல்லை. ஃபில்டர் காப்பி போடும் இடங்களில், "டிகாஷன் தனி, பால் தனி" என்று கேட்டால் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. தம்ளரில் டிகாஷன், டவராவில் சூடான பால் வரும். டிகாஷனில் பாதிக்குச் சுடுதண்ணீர் விட்டு, பாலில் இரண்டு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டால் மணமும் குறையாது. மீதிப் பாலை எதிரே இருப்பவர் தலையில் கட்டிவிடலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில இடங்களில் டிகாஷனிலேயே சீனியைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். வங்கி, மருத்துவமனை வராந்தாக்களில் நிற்கும் பட்டன் இயந்திரங்களை நான் தொடுவதே இல்லை. அவற்றில் பல, பால் பவுடரும் சீனியும் சேர்த்தே வருகிற கலவைத் தூளில் ஓடுகிறவை. அதில் வித்தவுட் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நெல்லை வண்ணாரப்பேட்டை பைபாஸ் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட காப்பிக் கடைகளுக்கு என்னைக் கூட்டிப்போனவன் தங்கச்சி மகன், என் மருமகன். இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, அங்க கீட்டோக்காரங்களுக்கு நிறைய இருக்கு" என்றான். ஏசி ஜில்லென்று இருந்தது. பெயர்களைப் பார்த்தேன், எல்லாம் இத்தாலிக்காரன் வைத்த பெயர். அவன் கைகாட்டிய இடத்தில் 'சுகர் ஃப்ரீ ஹேசல்நட் லாட்டே' என்று இருந்தது. சுகர் ஃப்ரீ என்றால் அப்புறம் என்ன யோசனை என்று சொல்லிவிட்டேன். வந்தது. உயரமான கண்ணாடித் தம்ளர், மேலே வெள்ளை வெளேரென்று கிரீம் கோபுரம். பாயசம் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில், ரத்தச் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன். அந்த வாரத்தில் அவ்வளவு ஏறியதே இல்லை.

எனக்கு அது விடவில்லை. மறுநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துத் தனியாகப் போனேன். கல்லாவில் நின்ற பெண்ணிடம், "அம்மா, நேத்து குடிச்ச அந்தக் காப்பில என்னென்ன ஊத்துதிய? சண்டைக்கு வரல, ஒடம்புக்காகக் கேக்கேன்" என்றேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, எல்லாப் பாட்டிலையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டது. பத்திரம் வாசிக்கிற கண்ணுக்குப் பொடி எழுத்து ஒரு பொருட்டா? வாசித்தேன். சிரப் நிஜமாகவே சீனி இல்லாததுதான், சுக்ரலோஸ் போட்டது. வில்லங்கம் மற்ற மூன்றில் இருந்தது. பால் கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 11, 12 கிராம் பால் சர்க்கரை. மேலே வைத்த கிரீம், பால் கிரீமே இல்லை, தாவரக் கொழுப்பும் சீனியும் சேர்த்து அடித்த டாப்பிங். அதற்கு மேல் கோடு போட்டிருந்த சாக்லேட் சாஸில் முதல் பொருளே சீனி. நம் நாட்டில் பாக்கெட்டில் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் போட வேண்டும். அதனால் முதல் இரண்டு பெயரைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அந்தக் கடையைப் பொய்க்காரன் என்று சொல்ல முடியாது. சுகர் ஃப்ரீ என்ற சொல் சிரப்புக்கு மட்டும்தான் பொருந்தும், முழுத் தம்ளருக்கும் இல்லை. 'மேற்படி சொத்தில் ஒரு பகுதி மட்டும்' என்று பத்திரத்தில் எழுதுகிற மாதிரி.

அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டது பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் உதவுகிறது. இந்த மாதிரிக் கடைகளில் எல்லாக் காப்பிக்கும் தாய்ப்பத்திரம் எஸ்பிரசோ, 30 மில்லிச் சாறு. அதில் மாவுச்சத்து ஒரு கிராம்கூட இருக்காது. அதில் சுடுதண்ணீர் சேர்த்தால் அமெரிக்கானோ, ஐஸும் தண்ணீரும் சேர்த்தால் ஐஸ் அமெரிக்கானோ. மே மாதத்து நெல்லை வெயிலில் இந்த இரண்டாவது, சாமி கொடுத்த வரம். பாலும் நுரையும் சேர்த்தால் கப்புசினோ, பால் வகையில் ஏழு கிராமாவது ஆகும். பாலே அதிகமானால் லாட்டே. மக்கியாட்டோ என்று ஒன்று உண்டு. அசல் மக்கியாட்டோ எஸ்பிரசோ மேல் ஒரு ஸ்பூன் பால்நுரை, நமக்குத் தோதானது. ஆனால் பல கடைகளில் அந்தப் பெயரோடு கேரமல் என்று சேர்த்துப் பெரிய தம்ளரில் பாலும் பாகும் வரும். பெயர் ஒன்று, சர்வே எண் வேறு. கோல்டு காப்பி, ஃப்ராப்பே பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது, ஐஸ்கிரீமோ சீனி கலந்த தூளோ இல்லாமல் அந்தக் கெட்டி வராது.

இப்போது நான் கேட்பது இதுதான்: "ரெண்டு ஷாட் எஸ்பிரசோ, பெரிய கப்புல. சுடுதண்ணி தனியா. சூடான பால் ஒரு சின்னக் கப்புல தனியா. சிரப், சாஸ், மேல கிரீம் எதுவும் வேண்டாம்." பானத்தின் பெயரைச் சொல்வதில்லை, சாமான் பட்டியலைச் சொல்கிறேன். பெயரைச் சொல்லி அதை எடு இதை எடு என்றால், ஒன்றை எடுக்க மறந்துவிடுவார்கள். இல்லாததிலிருந்து ஆரம்பித்தால் மறப்பதற்கு எதுவும் இல்லை. அசல் ஃப்ரெஷ் கிரீம் வைத்திருக்கும் கடைகளில் பாலுக்குப் பதில் அதைக் கேட்பேன். பாக்கெட் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், இரண்டு ஸ்பூனுக்கு மாவுச்சத்து ஒரு கிராமை ஒட்டித்தான் வரும். பாக்கெட்டை ஒருமுறை காட்டச் சொல்லிவிடுவேன், காட்டுவதில் யாரும் முகம் சுளித்ததில்லை.

செடிப் பால்களைப் பற்றி மருமகன் பெரிய பிரசங்கம் செய்தான். பாதாம் பாலில் சீனி சேர்க்காதது என்று எழுதியிருந்தால் சரி, எழுதாதது பெரும்பாலும் சீனி போட்டது. ஓட்ஸ் பால்தான் ஏமாற்றும். சீனி சேர்க்கவில்லை என்று பாக்கெட்டில் பெரிதாகப் போட்டிருக்கும். ஆனால் ஓட்ஸைப் பாலாக்கும்போது நொதி போட்டு அதன் மாவை உடைக்கிறார்கள், அதிலேயே மால்டோஸ் என்ற சர்க்கரை உண்டாகிவிடுகிறது. நம் தேங்காய்ப்பால் இதையெல்லாம்விட மேல் என்பது என் கட்சி. முதல் பாலை இரண்டு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், இறக்கிவைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

இனி வெண்ணெய்க் காப்பி. கீட்டோ என்றதும் நாலு பேர் இதைத்தான் சொல்வார்கள், காப்பியில் வெண்ணெயும் எண்ணெயும் போட்டு அடித்துக் குடிப்பது. திபெத்தில் வெண்ணெய் போட்டுத் தேநீர் குடிப்பதைப் பார்த்து ஒரு அமெரிக்கர் பிரபலப்படுத்தியது. நம்ம வீட்டில் நெய் இருக்கிறதே என்று இரண்டு ஸ்பூன் நெய், இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு மிக்ஸியில் அடித்து, வெறும் வயிற்றில் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன். பத்தரை மணிக்கு விரல் ரேகை வைக்கப் பார்ட்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எங்கே இருந்தேன் என்பதை இங்கே எழுதவில்லை. பதிவு அலுவலகத்துக் கழிப்பறைகளை அறிந்தவர்கள் என் நிலையை யூகித்துக்கொள்வார்கள். பழகாத வயிற்றில் அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. அப்புறம் மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு கொஞ்சம் கூடியிருந்தது. டாக்டர் நெய்யைக் குறைக்கச் சொன்னார், குறைத்துவிட்டேன். காப்பியில் நெய் விடுவது என் வரையில் நெய்க்கும் அவமானம், காப்பிக்கும் அவமானம்.

தித்திப்பு இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சுக்ரலோஸ் மாத்திரை, சீனித்துளசி எல்லாம் கிடைக்கின்றன. பொடியாக வரும் பொட்டலங்களில் அளவு தெரிவதற்காக மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி மாவுச்சத்தைச் சேர்ப்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் கிராமுக்கும் குறைவுதான், ஆனால் ஏழு காப்பிக்கு ஏழு பொட்டலம் என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். எடை குறைப்பதற்கென்று இந்த வகை இனிப்புகளை நம்பியிருக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. நான் ஒரு மாதம் மாத்திரை போட்டேன். பிறகு அரை மாத்திரை. அப்புறம் ஒருநாள் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன், அன்றோடு விட்டது. மூன்று வாரம் பல்லைக் கடித்தால் நாக்கு வழிக்கு வந்துவிடுகிறது. இப்போது வெறும் பாலே எனக்கு இனிப்பாகத் தெரிகிறது. மாஸ்டர் சொன்ன பால் தித்திப்பு நிஜம்தான் போல.

ஏழு கிளாஸ் வரக்காப்பி குடித்தால் வேறு தொந்தரவு வரும், வந்தது. நெஞ்செரிச்சல், சாயங்காலம் கைநடுக்கம், ராத்திரி ஒரு மணிக்குக் கொட்டக் கொட்ட முழிப்பு. ஒரு நாளைக்குக் காஃபின் 400 மில்லிகிராமுக்குள் என்பது பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு, ஒரு ஷாட் எஸ்பிரசோவில் ஏறக்குறைய 60 இருக்கும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் நாலு கிளாஸ், மூன்று மணிக்கு மேல் கிடையாது என்று வைத்திருக்கிறேன். முதல் வாரத்துத் தலைவலிக்குக் காப்பியைக் கூட்டுவதும் தப்பு. மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியே போகும், அதற்கு உப்புப் போட்ட எலும்பு சூப்தான் மருந்து. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

எந்தத் தந்திரமும் செல்லாத இடங்கள் இரண்டு. ஒன்று கல்யாண வீடு. அங்கே கூட்டத்தில் நழுவிவிடலாம். இன்னொன்று துக்க வீடு. போன ஐப்பசியில் கூட்டாளி ஒருவனுடைய அப்பா போய்விட்டார். ராத்திரி முழுக்க இருந்தோம். விடியக்காலம் அவன் தம்பி பெரிய தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்து, கண் சிவந்து, ஒவ்வொருவர் கையிலும் பேப்பர் கப்பைத் திணித்துக்கொண்டே வந்தான். பாலும் சீனியும் சேர்த்துக் கலந்த காப்பி. "குடிங்க அண்ணாச்சி, ராத்திரி பூரா முழிச்சிருக்கிய" என்றான். அவனிடம் போய் வித்தவுட் இருக்கா என்று கேட்க முடியுமா? குடித்தேன். இன்னொரு கப் தந்தான், அதையும் குடித்தேன். அன்றைய கணக்கை எழுதவில்லை.

ஐந்து மாதத்தில் எடை 91-லிருந்து 81-க்கு வந்தது. ஹெச்பிஏ1சி 5.7. இப்போது அவ்வளவு கறாராக இல்லை, மத்தியானம் ஒரு கை சோறு உண்டு. காப்பி மட்டும் மாறவில்லை. எங்கள் மாஸ்டரும் பழகிவிட்டார். காலையில் கடை திறந்ததும் எனக்கென்று ஒரு கிளாஸை அலசிக் கவிழ்த்து, சீனி டப்பாவுக்கு எட்டாத ஓரத்தில் வைத்துவிடுகிறார். நான் அடிக்கடி இந்த வில்லங்கப் பேச்சுப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்.

போன வாரம் மானூர் பக்கத்திலிருந்து ஒரு பார்ட்டி வந்திருந்தார். முப்பது வருடம் வெளியூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நாலு சென்ட் மனை. கிரயம் முடிய இன்னும் இரண்டு டோக்கன் இருந்தது. காப்பி குடிக்கலாம் என்று கடைக்குள் கூட்டிப்போனார். மாஸ்டர் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "அண்ணாச்சிக்கு வில்லங்கம் இல்லாம ஒண்ணு, கூட வந்தவருக்கு வில்லங்கத்தோட ஒண்ணு!" என்று குரல் கொடுத்தார்.

அந்த மனிதர் முகம் வெளிறிப்போய், என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி சொல்லுதாரு? என் மனையில என்ன வில்லங்கம்?" என்றார்.